மூன்று நிமிட அப்பா

மார்ச் 4
திரைச்சீலைத் தொல்லை இன்று ஒருவழியாகத் தீர்ந்தது. வீட்டுக் கேமராவில் பதிவாவதை எங்கள் மென்பொருள் மூன்று நிமிடமாகச் சுருக்கும். அசைவில்லாத நேரத்தையெல்லாம் வெட்டிவிடும். ஆனால் காற்றில் ஆடும் திரைச்சீலையையும் அசைவென்று சேர்த்துக்கொண்டு என் உயிரை வாங்கியது. இனி சின்ன அசைவுகளைக் கண்டுகொள்ளாது, அளவை உயர்த்திவிட்டேன். மேனேஜருக்கு வாயெல்லாம் பல்.

மார்ச் 9
தனியாக இருக்கும் அப்பா வீட்டிலும் எங்கள் கேமராதான். காலைப்பொழுதின் சுருக்கம் மதியம் ஒரு மணிக்கு வரும், சாப்பிட்டுக்கொண்டே பார்த்துவிடுவேன். நாற்காலியை விட்டு எழும்போதெல்லாம் மனுஷன் கேமராவைப் பார்த்துக் கையாட்டுகிறார்.

போனில் கேட்டார்: "நாள் பூரா நான் இங்க இருக்கேன். நீ மூணு நிமிஷத்துல முடிச்சிடறியே?"

"முக்கியமானதெல்லாம் வந்துடும்பா" என்றேன். பெரிய மேதாவி நான்.

மார்ச் 17
அண்ணன் போனில் குதித்தான். "நேர்ல போய்ப் பாத்து எத்தனை நாளாச்சு?" தினமும் பார்க்கிறேனே! வெளியூரில் உட்கார்ந்துகொண்டு இவன் எனக்குப் பாடம் எடுக்கிறான்.

மார்ச் 23
இல்லை. அப்பா இல்லை.

மார்ச் 29
எழுதித்தான் ஆகவேண்டும். அன்று வந்த சுருக்கத்தில் அப்பா எழுந்தார், கையாட்டினார், அலமாரிப் பக்கம் குனிந்தார். அவ்வளவுதான். நாற்காலியில் தூங்கிவிட்டார் போல என்று நினைத்துச் சாப்பாட்டு டப்பாவை மூடினேன். அப்பாவுக்குச் சமைத்துப்போடும் வேலைக்கார அக்கா நான்கு மணிக்கு வந்து கதவைத் திறந்தால், தரையில் கிடக்கிறார்.

"விழுந்தவுடனே கொண்டு வந்திருந்தா..." என்று டாக்டர் ஆரம்பித்தார். அண்ணனும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாவி, கேட்டுத் தொலைத்திருக்கலாம்.

ஏப்ரல் 8
மேனேஜர் ஆறுதல் சொன்னார்: "சாஃப்ட்வேர் மேல தப்பே இல்லம்மா. நீ செட் பண்ணபடிதான் வேலை செஞ்சிருக்கு."

ஆமாம். அளவை உயர்த்தியது நான்தானே.

ஏப்ரல் 12
முழுப் பதிவையும் போட்டுப் பார்த்தேன். அப்பா குனிந்த பத்து நாற்பதிலிருந்து நான்கு மணி வரை, எங்கும் வேகமாக ஓட்டாமல். குனிந்தவர் அலமாரியைப் பிடித்தபடி மெல்ல மெல்லத் தரையில் சரிகிறார்; அதையும் சின்ன அசைவென்று மென்பொருள் வெட்டியிருக்கிறது.

பதினொன்றே காலுக்கு அப்பா தலையை மெல்லத் திருப்பிக் கேமராவைப் பார்க்கிறார். தரையில் கிடக்கும் கையைத் தூக்குகிறார். நான்கு விரற்கடை உயரம் இருக்கும். ஆட்டுகிறார். பன்னிரண்டுக்கு மறுபடி. எல்லாம் திரைச்சீலை அசையும் அளவுக்குத்தான்.

கடைசியாக ஆட்டியபோது ஒரு மணியாக ஐந்து நிமிடம் இருந்தது. அப்போது நான் சாப்பிடுவதற்காகக் கை கழுவிக்கொண்டிருந்திருப்பேன்.