ஐந்தாம் பாகம், பக்கம் 212

மெரின்,

சீஸ் ரோல் செய்து வைத்திருக்கிறேன், சூடாக்கினால் போதும். மூன்று மணிக்குப் புகைபோக்கி சுத்தம் செய்ய டூகல் வருவான். சாவியை மட்டும் அவனிடம் கொடுக்காதே. போன தடவை பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். எங்கள் மீன்பிடிப் படகு வியாழக்கிழமைதான் பிளஃப் துறைமுகத்துக்குத் திரும்பும்.

"என் பிறந்தநாளுக்காவது கரையில இருப்பியா?" என்றுதான் நேற்று நீ கேட்டாய். அதற்குப் போய், "அந்த டிராகன் ராணி மாதிரியே பேசுற" என்று சொல்லிவிட்டேன். இந்த நாவலில் நாலு பாகமாக நாம் சேர்ந்து திட்டிய ராணி. அவள் திமிரையும் அவள் புருஷனின் கோழைத்தனத்தையும் திட்டுவதற்காகவே விடாமல் படித்தோம். நேற்று நீ புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போனாய்.

புத்தகக்குறி ஐந்தாம் பாகத்தின் 212ஆம் பக்கத்திலேயே இருக்கிறது. நீ இல்லாமல் தொட மாட்டேன்.

ரோரி

பி.கு.: மூன்றாம் பாகத்தில் அந்தப் புருஷன், தூங்குகிற ராணியின் தலைமாட்டில் மன்னிப்புச் சீட்டு வைத்துவிட்டுக் கப்பலேறுவான். "எழுப்பிச் சொல்ல இவனுக்கு வாயில்லையா?" என்று கேட்டாய். நானும் சிரித்தேன். இப்போது நீ பக்கத்து அறையில்தான் தூங்குகிறாய். நான் பூட்ஸைக்கூட வாசலுக்கு வெளியே போய்த்தான் மாட்டப் போகிறேன்.