வாத்து பஸ் ஏறிய இடம்

தம்பி,

சாப்பாடு அடுப்பின் மேல் மூடி வைத்திருக்கிறேன். வாசற்படியை இரண்டு முறை கழுவியும் ரத்தக் கறை போகவில்லை. டெய்லர் அண்ணனின் உடைந்த பல் கதவிடுக்கில் கிடந்தது. காகிதத்தில் மடித்து வைத்தேன், தூக்கிப்போட மனசு வரவில்லை.

ஜெயிலில் காவலுக்கு நின்ற உன்னைக் கலவரத்தன்று இரும்புக்கம்பியால் அடித்தவன் வேறு, மாடிவீட்டு டெய்லர் அண்ணன் வேறு. கதவைத் தட்டியது யாரென்றுகூடக் கேட்காமல் முகத்தில் குத்தினாய். விழுந்தவரை மிதித்தாய். நான் குறுக்கே விழாவிட்டால் கொன்றிருப்பாய். என் தோள் இன்னும் வலிக்கிறது.

"வாத்துக்காரி கதை படிச்சா மண்டை சரியாயிடுமாக்கா?" என்று நான் வாங்கித் தந்த புத்தகத்தைக் கேலி பண்ணினாயே. சரியாகாது. ஆனால் அந்தப் புத்தகம் வந்ததிலிருந்து நீ தூக்கத்தில் அலறவில்லை. கதையில் வெள்ளத்தில் எல்லாம் போன பிறகு, அந்த வாத்துக்காரி மிச்சமிருந்த ஒற்றை வாத்துக்கும் டிக்கெட் கேட்டு பஸ் ஏறுகிற இடத்தில், நேற்று வாய்விட்டுச் சிரித்தாய். கலவரத்துக்குப் பிறகு அதுதான் முதல் சிரிப்பு. அடுத்த நிமிஷமே இந்தக் கூத்து.

பதினொரு மணிக்கு டெய்லர் அண்ணன் வருவார். நீ மன்னிப்புக் கேட்காவிட்டால் நேரே போலீஸுக்குப் போவார். உன் வேலை போய்விடும். அதுவரை புத்தகத்தைப் படி. கதவைத் திறக்கும்போது கை கீழே இருக்கட்டும்.

அக்கா

பி.கு: மாடிப்படியில் அவரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து எழுதுகிறேன். ஒரு கண் திறக்கவே முடியவில்லை. நேற்று எதற்குக் கதவைத் தட்டினீர்கள் என்று கேட்டேன். "தம்பி சிரிச்சுக் கேட்டு எவ்வளவு நாளாச்சும்மா! அப்படி என்ன ஜோக்குனு கேக்கத்தான் வந்தேன்" என்றார். மன்னிப்புக் கேட்டுவிட்டு, அந்த இடத்தை அவருக்கும் படித்துக் காட்டு.