பிரெஞ்சுக்காரன் ஓட்டிய ரயில்

ரூர், 1923 அக்டோபர் 4

அன்பு மகன் யுப்புக்கு அப்பா எழுதுவது. மில்வாக்கியில் நீயும் மருமகளும் பிள்ளைகளும் சுகமாயிருப்பீர்கள் என்றே நினைத்துக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், அதற்கு மேல் சொல்ல வாய் வரவில்லை.

வெர்சாயில் நம்மவர்கள் கையெழுத்துப் போட்டதற்குச் சமாதானம் என்று எவன் பேர் வைத்தானோ. போருக்கு நஷ்டஈடாக நாம் கொடுக்க வேண்டிய நிலக்கரி குறைந்துபோனது என்று ஜனவரியில் பிரெஞ்சுப் பட்டாளம் ஊருக்குள் புகுந்ததையும், மார்ச்சில் சுரங்க வாசலில் மறித்து நின்ற நம் மாப்பிள்ளை எவால்டைச் சுட்டுக் கொன்றதையும் முன்பே எழுதினேன். சவப்பெட்டியைத் தூக்கிப் போனவர்களையும் துப்பாக்கிக் கட்டையால் இடித்தார்கள், என் முன்பல் இரண்டு போனது அன்றுதான். இவர்களுக்கு வேலை செய்ய முடியாது என்று ரயில்வேக்காரர்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டோம், பிரெஞ்சுக்காரன் தன் ஆட்களை வைத்து ரயில் ஓட்டினான். அதில் ஏறுகிறவர் யாரானாலும் துரோகி, பெண்ணானால் தலைமுடியை வெட்டிவிடுவது என்று பீர் கடையில் சத்தியம் செய்தோம். எவ்வளவு தூரமானாலும் நடந்தே போனோம். யார் இறங்குகிறார்கள் என்று ஸ்டேஷன் கேட் அருகே நின்று பார்க்கும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். இருபத்தொன்பது வருஷம் சிக்னல் இழுத்தவன், எனக்குத் தெரியாத முகம் ஏது. பெருமையாகத்தான் நின்றேன், பொய் சொல்ல மாட்டேன்.

ஆகஸ்டில் ஒரு மத்தியானம் அந்த ரயிலிலிருந்து உன் தங்கை ஹெட்விக் தனியாக இறங்கினாள். புருஷனைக் கொன்றவன் ரயிலா உனக்கு என்று காறித் துப்பினேன். "வழிய விடுங்கப்பா, நின்னு பேச நேரமில்ல" என்று ஓடினாள். ஏன் போனாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை யுப். அதுவரை ஊரில் நாலு பேரைக் காட்டிக்கொடுத்துவிட்டு என் மகளை மறைத்தால் நான் என்ன மனிதன் என்று நேராக நம் தெருக் கொல்லன் ரோஸ்கோத்தனிடம் போய்ச் சொன்னேன். "பெரியவர் பொண்ணுன்னா முடி என்ன தங்கத்துலயா மொளைக்குது" என்று சிரித்தபடி குதிரைமயிர் வெட்டும் கத்தரியை எடுத்தான். நாலு பேர் அவள் வீட்டுக்குள் போனார்கள், நான் வாசலில் நின்றேன். அவள் கடித்தாள், உதைத்தாள். ஒருவன் அவள் தலையை மேசையில் மோதினான், காது மடல் கிழிந்து ரத்தம் கொட்டியது. பையனுடைய சட்டையைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி, "விடுங்கடா, எம்புள்ள ஆஸ்பத்திரியில கெடக்கான்" என்று கத்தினாள். கத்தரி நின்றது. அதற்குள் தலையில் ஒன்றும் மிச்சமில்லை.

அவள் பையன் குர்ட்டுக்குத் தொண்டை அடைப்பான். நீலம் பாரித்துப் போனவனைத் தூக்கிக்கொண்டு அன்று காலை அந்த ரயிலில் ஏறியிருக்கிறாள், மாற்றுத் துணி எடுக்கத்தான் திரும்பி வந்தாள். தொண்டையில் துளை போட்டுப் பிழைக்க வைத்த டாக்டர், கால் மணி தாமதித்திருந்தால் பிள்ளை இல்லை என்றாராம். நடந்து போனால் மூன்று மணி நேரம்.

போன வாரம் பெர்லின் அரசாங்கத்தார் எதிர்ப்பு போதும், எல்லோரும் வேலைக்குத் திரும்புங்கள் என்று சொல்லிவிட்டார்கள். இன்று காலை அதே ரயிலுக்கு முதல் ஆளாக நின்றவன் ரோஸ்கோத்தன். தொப்பியைத் தூக்கி எனக்கு வணக்கம் வேறு. அவன் மூக்கை உடைத்தேன், நாலு பேர் பிடித்து இழுத்தார்கள். உடைத்து என்ன, அவளைக் காட்டியது நான்தானே.

ஹெட்விக் பிள்ளையோடு உன்னிடம் வருகிறாள், இருபதாம் தேதி கப்பல். தலையில் கட்டிய துணியை அவிழ்க்கச் சொல்லாதே. குர்ட்டுக்குக் குளிரில் கழுத்தை மூடி வை, மறந்துவிடாதே. யார் செய்தார்கள் என்று அவளிடம் கேட்காதே, அதற்காகத்தான் நானே எழுதிவிட்டேன். தான் புறப்படும் நாளில் நான் வீட்டில் இருக்கக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பினாள். இருக்க மாட்டேன்.

ஆண்டவர் உங்கள் எல்லோரையும் காக்கட்டும்.

உன் அப்பா
கான்ராட்