ஆடும் தூணுக்குப் பூஜ்யம்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே என் வலது மணிக்கட்டைத் தவிர மற்றதெல்லாம் நலம், நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். கையில் மாவுக்கட்டு, அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள், அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் அவள் வால்தனம். (கட்டு அம்மாவுக்கு, கஷ்டம் எனக்கு.)

போனில் பாதியில் விட்டதைச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்து நடைபாலத்தின் நடுத்தூண் எவ்வளவு ஆடுகிறது என்று கணக்கிட நான் எழுதிய புரோகிராம் இருபது வருஷம் ஓடிய பழைய கம்ப்யூட்டர் போன மாதம் புகைந்துபோனது. அது ஒரு எண்ணைப் பத்தொன்பது இலக்கம் வரை சிந்தாமல் வைத்துக்கொள்ளும். ஆபீசில் வாங்கித் தந்த புதுசு பதினாறோடு கையை விரித்துவிடுகிறது. (ஓட்டம் ஜோர், வழியெல்லாம் ஒழுகல்.) தூணின் அளவு ஒன்பது இலக்கம், அதை அதனோடேயே பெருக்கினால் பதினேழு, ஆட்டம் முழுக்க அந்தக் கடைசி இலக்கத்தில்தான் இருக்கிறது. பழையது வாரத்துக்கு வாரம் மூன்று, நான்கு, ஆறு என்று காட்டியது, புதுசு பூஜ்யம் என்கிறது. பெரிய இன்ஜினியரிடம் சொன்னால், சாகப்போற மெஷின் உளறியிருக்கும்மா, பூஜ்யம்னா நல்லதுதானே என்று சிரிக்கிறார். திரும்பக் கணக்கிட அளவுகளும் இல்லை. அந்தக் காலத்தில் டிஸ்க்கில் இடமில்லை என்று அளவுகளின் கூட்டுத்தொகை, அவற்றைப் பெருக்கியதன் கூட்டுத்தொகை என்று இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு அளவுகளை அழிக்கும்படி எழுதியவள் நான்தான். நீயும், சிந்தின இலக்கத்தை யாராலயும் அள்ள முடியாதும்மா என்று சொல்லிவிட்டாய். புரோகிராமை இடது கையால் திருத்திவிட்டேன், ஆனால் புதிதாக ஒரு மாதம் அளந்தால்தான் எதுவும் தெரியும், அதுவரை பாலத்தைப் பூட்டி வையுங்கள் என்று அவரிடம் சொன்னேன். பாலம் பத்திரம் என்ற தாளில் நான் கையெழுத்துப் போடவில்லை, அவரே போட்டுத் திங்கட்கிழமை திறந்துவிட்டார். உன் தங்கையைச் சுற்றுவழியில் அனுப்புகிறேன், மற்ற பிள்ளைகளை நான் என்ன செய்ய.

நீ இதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. ஒரு வேளையாவது சூடாகச் சாப்பிடு. எதை எழுதினாலும் மூல அளவை மட்டும் அழித்துவிடாதே. எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இரு.

உன் அம்மா

பின்குறிப்பு: அண்ணா, அம்மா குளிக்கப் போயிருக்கிறாள். தினம் காலையில் பாலத்தடியில் நின்று, கூட்டமாப் போகாதீங்கப்பா, ஒவ்வொருத்தராப் போங்க என்று கெஞ்சுகிறாள், ஒருத்தரும் நிற்பதில்லை. நான் 'வர்ணம் காயவில்லை, தொடாதீர்' என்று பலகை எழுதி மாட்டினேன். அரை நாள் ஒரு ஈ காக்கை ஏறவில்லை! பிறகு வாட்ச்மேன் கைப்பிடியைத் தடவிப் பார்த்துவிட்டுக் கழற்றிப்போட்டார். மறுநாள் குளவிக்கூடு என்று எழுதினேன், ஒரு மணி நேரம்தான் தாங்கியது. அம்மா அளந்து முடிக்க இன்னும் இருபத்தாறு நாள் இருக்கிறது, எனக்குப் பொய் தீர்ந்துவிட்டது. நீயாவது ஏதாவது யோசித்து அனுப்பு.