கிணறு இருந்த இடத்துக்கு ஒரு செடி

சேசு மரி சூசை துணை

பெருங்களத்தூர்
9 ஜூன் 1968

கிருபா அப்பாவுக்கு,

இங்கே நான் இருக்கிறேன். அங்கே குன்னூர்க் குளிரில் உங்கள் இருமல் எப்படி இருக்கிறது என்று எழுதவும்.

நீங்கள் ரயில் பார்சலில் அனுப்பிய சைப்ரஸ் கன்று வந்து சேர்ந்தது. ஞானையா அண்ணன் தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து சைக்கிளில் கொண்டுவந்து கொடுத்தார். கிணற்றை மூடிய இடத்தில் நடு என்று எழுதியிருந்தீர்கள். இன்னும் நடவில்லை. டால்டா டின்னோடு நிழலில் வைத்துத் தண்ணீர் ஊற்றுகிறேன். தண்ணீர் இப்போது தெருக் குழாயில்தான் பிடிக்கிறேன்.

நடாததற்குக் காரணம், நீங்கள் கொட்டிய செங்கல் உடைசலும் மண்ணும் இன்னும் இறங்குகிறது. போன மழைக்கு ஒரு சாண் இறங்கியது. மரம் வைத்தால் சாய்ந்துவிடுமோ என்று நினைக்கிறேன். நான் பாத்திரம் தேய்க்கிற ரயில்வே காலனி ஹில்டா அம்மா வீட்டில் ஒரு புல் இருக்கிறது. ஆள் உயரம் வளர்ந்து, நுனியில் வெள்ளைக் குஞ்சம் விடும். அந்தம்மா குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போகிறார்கள். “செல்வம், வேணும்னா பேத்து எடுத்துக்கோ” என்றார்கள். அதை வைக்கலாமா என்று உங்களைக் கேட்காமல் செய்ய மனசு வரவில்லை.

இன்னொன்று. உங்கள் தங்கை ஜெயசீலியின் குழந்தைக்குப் போன ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். நான் குழந்தையைத் தூக்கப் போனேன். “அண்ணி, நீங்க சமையல் கட்டப் பாத்துக்குங்க. கொழந்தைய வேற யாராவது வச்சிருக்கட்டும்” என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் கீழே பார்த்துக்கொண்டார்கள். நான் உள்ளே போய் வெங்காயம் உரித்தேன்.

கிருபா அம்மா

*

குன்னூர்
22 ஜூன் 1968

அன்புள்ள செல்வமேரிக்கு,

கடிதம் கிடைத்தது. இருமல் பரவாயில்லை. துரை நல்லவர், கம்பளி கொடுத்திருக்கிறார்.

புல்லைப் பற்றி எழுதியிருந்தாய். நான் இருபது வருஷம் தோட்ட வேலை பார்த்தவன், சொல்கிறேன் கேள். அந்தப் புல் மாசி பங்குனியில் காய்ந்து வைக்கோல் போல நிற்கும். அடியோடு அறுக்க வேண்டும். அறுத்தால் கையைக் கிழிக்கும். பாம்பு அடையும். சைப்ரஸ் அப்படி இல்லை. வருஷம் முழுக்கப் பச்சை. இலை கொட்டாது, குப்பை இல்லை, யாரும் பார்க்காவிட்டாலும் நேராக நிற்கும். இங்கே கல்லறைத் தோட்டத்தில் எல்லாம் அதுதான். பிள்ளை நினைவுக்கு அதுதான் மரியாதை. நம் ஊர்ச் சூட்டுக்கு முதல் இரண்டு வருஷம் கீற்றுப் பந்தல் போடு. மண் இறங்கினால் இன்னும் கொஞ்சம் கொட்டிக்கொள்.

ஜெயசீலி சொன்னதை மனசில் வைக்காதே. அவள் வாய் அப்படி.

ஏசுபாதம்

*

பெருங்களத்தூர்
14 ஜூலை 1968

கிருபா அப்பாவுக்கு,

ஜெயசீலி வாய் மட்டும் இல்லை. குழாயடியில் நேற்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள்: “கெணத்த மூடி வெச்சிருந்தா இப்டி ஆவுமா? இன்னா பொம்பள இவ.” நான் திரும்பிப் பார்த்தேன். அவள் சொல்கிறாள்: “என்னை இன்னாத்துக்கு மொறைக்கிற? உன் வூட்டுக்காரரே சொன்னாரு, பலகைய யாரு எடுத்தாங்கன்னு அவருக்குத் தெரியாதாம்.”

நீங்கள் அப்படிச் சொன்னது எனக்கு அதுவரை தெரியாது. குடத்தை வைத்துவிட்டு வந்துவிட்டேன். பிறகு யாரோ கொண்டுவந்து வாசலில் வைத்தார்கள், பாதி நிரம்பி.

நான் நாலாவது வரை படித்தவள். சுற்றி வளைத்து எழுதத் தெரியாது. கிணற்றின் மேல் இரண்டு பலகை இருந்தது. அதில் ஒன்றை எடுத்தது நீங்கள். கிறிஸ்துமஸ் குடில் கட்ட அடிப்பலகை இல்லை என்று எடுத்தீர்கள். “ரெண்டு வாரந்தானே செல்வம், இன்னொண்ணு மூடிக்கினு கீதே” என்றீர்கள். நானும் சரி என்றேன். அந்தச் சரி என் பங்கு. அதை நான் தினமும் சுமக்கிறேன். உங்கள் பங்கையும் சேர்த்து என்னால் சுமக்க முடியாது.

குடிலைப் பார்க்க ஓடி ஓடி வந்தது நம் கிருபா. மாட்டுக்கு வைக்கோல், ஆட்டுக்குத் தண்ணீர் என்று. பொம்மை ஆட்டுக்குத் தண்ணீர் எடுக்கத்தான் சின்னச் சொம்போடு கிணற்றுக்குப் போயிருக்கிறது. சொம்பு கிணற்றுச் சுவர்மேல் இருந்ததே, நீங்கள்தானே எடுத்து என் கையில் கொடுத்தீர்கள்.

அந்தப் பலகையை எரித்துவிடு என்றீர்கள். எரிக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

எனக்கு வேறு எதுவும் வேண்டாம். ஜெயசீலிக்கு ஒரு வரி எழுதுங்கள்: பலகையை எடுத்தது நான் என்று. அவள் ஊருக்குச் சொல்லிவிடுவாள். கடிதம் வந்த அன்றைக்கே உங்கள் மரத்தை நடுகிறேன். சாய்ந்தால் முட்டுக் கொடுத்து வளர்க்கிறேன். புல் வேண்டாம் என்று ஹில்டா அம்மாவிடம் சொல்லிவிடுகிறேன்.

கிருபா அம்மா

*

குன்னூர்
6 அக்டோபர் 1968

அன்புள்ள செல்வமேரிக்கு,

பதில் எழுதத் தாமதம். இங்கே விதைப்பு வேலை.

நடந்ததைத் திரும்பத் திரும்பக் கிளறினால் யாருக்கு என்ன லாபம்? பிள்ளை வரப்போகிறதா? நான் தோட்டக்காரன், நாலு பேர் வீட்டுக்குள் நம்பி விடுகிறார்கள். என் பெயர் கெட்டால் இரண்டு பேருக்கும்தான் கஞ்சி இல்லை. நீ வீட்டில் இருக்கிற பொம்பளை. நாலு நாள் பேசுவார்கள், அப்புறம் மறந்துவிடுவார்கள்.

மழைக்கு முன் மரத்தை நட்டுவிடு. வேர் டின்னுக்குள் சுற்றிக்கொண்டால் பிறகு பிழைக்காது. கிறிஸ்துமஸுக்கு லீவு கேட்டிருக்கிறேன். வந்து அதில் ஒரு நட்சத்திரம் கட்டுவோம். மனசு ஆறும்.

ஏசுபாதம்

*

பெருங்களத்தூர்
8 டிசம்பர் 1968

ஏசுபாதம் அவர்களுக்கு,

கார்த்திகை மழை நன்றாகப் பெய்தது. கிணற்று இடம் இன்னும் முக்கால் அடி இறங்கியது. உங்கள் மரத்தை நட்டிருந்தால் இந்நேரம் சுவரில் சாய்ந்திருக்கும்.

ஹில்டா அம்மா கப்பல் ஏறுவதற்கு முன் புல்லைப் பேர்த்துக் கொடுத்தார்கள். நாலு தூர். உங்கள் கடிதம் வந்த மறுநாள் நட்டேன். மண் இறங்கியபோது அதுவும் கூடவே இறங்கியது, ஆனால் வேர் பிடியை விடவில்லை. இப்போது முழங்கால் உயரம். கை கிழிகிறது, நீங்கள் சொன்னது சரி. பங்குனியில் காயும் என்றீர்கள். காயட்டும். இந்த வீட்டில் காய வேண்டியது காய்ந்து நிற்பதை நாலு பேர் பார்க்கட்டும். அறுத்துவிட்டு மழைக்குக் காத்திருப்பேன். எப்போதும் பச்சையாக, ஒன்றுமே நடக்காதது போல நிற்கிற ஒன்றை அந்த இடத்தில் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

கிறிஸ்துமஸுக்கு நீங்கள் வர வேண்டாம். லீவு கிடைத்தால் உங்கள் தங்கை வீட்டுக்குப் போங்கள். இந்த வருஷம் நான் குடில் வைக்கவில்லை. பாத்திர வேலைக்கு வேறு வீடு பார்த்துவிட்டேன். என் கஞ்சிக்குக் கவலை இல்லை.

உங்கள் கன்று சாகவில்லை. பிறர் பொருளைச் சாகவிடுவது எனக்குப் பழக்கமில்லை. டின்னில் இரண்டடி வளர்ந்திருக்கிறது. ஞானையா அண்ணன் நாளைக்கு அதை உங்கள் பெயருக்குப் பார்சலில் போடுகிறார். குன்னூரிலேயே நடுங்கள், அதற்கு அந்த மண்தான் ஆகும்.

வழியில் ஒடியாமல் இருக்க ஒரு பலகையோடு சேர்த்துக் கட்டியிருக்கிறேன். குடிலுக்கு மலை செய்ய நீங்கள் ஒட்டிய பழுப்புக் காகிதம் ஒரு பக்கம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நான் கழுவவில்லை.

ஸ்டேஷனில் பார்சலை வாங்கும்போது இது என்ன பலகை என்று யாராவது கேட்பார்கள். உங்களைத் தெரியாதவர்களாகத்தான் இருப்பார்கள். அவர்களிடமாவது சொல்லுங்கள்.

கிருபா அம்மா