நெற்றியில் மினுங்கிய மண்

சங்கரன்கோவில்
ஜய வருஷம் ஆவணி 2, புதன்

சிரஞ்சீவி கோமதிநாயகத்துக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே சுகமாக இருக்க அம்மன் துணை இருப்பாள். இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை. மூலையில் மஞ்சள் இல்லை, தலைப்பில் பிள்ளையார் சுழி இல்லை என்று பார்த்ததுமே உனக்கு நெஞ்சு அடித்திருக்கும். உட்கார்ந்துகொண்டு வாசி மக்கா. தாத்தா போய்விட்டார். போன வியாழக்கிழமை, ஆடித் தபசுக்கு மறுநாள் காலையில். அன்றைக்கே அப்பா தந்தி கொடுத்தார், நீ காட்டுக்குள் கூடாரத்தில் இருக்கிறாய், ஆள் போய்ச் சொல்ல ஒரு வாரம் ஆகும் என்று உன் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. ஆள் முந்துமோ என் கடிதம் முந்துமோ தெரியவில்லை. ஆறு நாளாகியும் எனக்கே நம்ப முடியவில்லை, இன்று காலையில்கூட அவருக்கும் சேர்த்துக் காப்பி ஆற்றிவிட்டு டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

நோய் என்றால் ஒன்றும் இல்லை, முந்தின நாள் கூட்டத்தில் நடந்தே போய்த் தேரடி வரைக்கும் வேடிக்கை பார்த்துவிட்டு வந்த மனுஷன். வியாழன் காலை குளித்துவிட்டு மேஜை முன்னால் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தார். மழை வருமா மாமா என்று கேட்டேன், நான் பூமியைப் படிச்சவன், வானத்தைப் பத்தி எங்கிட்ட கேக்காதம்மா என்றார். அடுப்படிக்குத் திரும்பியிருப்பேன், நாற்காலி சாயும் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடக்கிறார். உன் அப்பா தலையை மடியில் தாங்கிக்கொண்டார். பக்கத்து வீட்டுச் சங்கரம்மாள் அக்கா ஓடிவந்து, டாக்டர் வாரதுக்குள்ள புத்துமண்ணை வாயில போடு ஏட்டி, பாத்துக்கிட்டு நிக்கியே என்று அலறினாள். வருஷா வருஷம் தபசுக்குக் கோவில் புற்றுமண் பொட்டலம் ஒன்றை அவர் மேஜையில் நான் வைப்பதும், மண்ணுல என்ன இருக்குன்னு கேளு சொல்லுதேன், சாமி இருக்கான்னு கேக்காத என்று அவர் ஒதுக்கி வைப்பதும் உனக்குத் தெரியும். மேஜையில் கிடந்த பொட்டலத்தைப் பிரித்து நெற்றியில் பூசினேன், ஒரு சிட்டிகை வாயில் வைத்தேன். துப்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். துப்பவில்லை. பல்லில் மெதுவாக நெரித்தார், கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார், கோமதி என்றார். அவ்வளவுதான், அடங்கிவிட்டது.

ஊரே ஆடிப்போய்விட்டது. ஆயுசுக்கும் புற்றுமண்ணை நாக்கில் வைக்காத புரொபசர் கடைசி மூச்சில் கோமதியம்மனைக் கூப்பிட்டுவிட்டார் என்று சங்கரம்மாள் அக்கா தெருத்தெருவாகச் சொல்லிவிட்டாள். அது போதாதென்று, நடுவீட்டில் கிடத்தியிருந்தபோது வெயில் பட்டு நெற்றி பொடிப்பொடியாக மினுங்கியது. ஆத்தா கடாட்சத்தைப் பாருங்க என்று முன்பின் தெரியாதவர்கள்கூட வந்து விழுந்து கும்பிட்டார்கள். உன் அப்பாவுக்கு அந்த அழுகையிலும் ஒரு பெருமை. எனக்கும் உடம்பு சிலிர்த்தது, பொய் சொல்வானேன்.

முப்பது வருஷம் பட்டணத்துக் காலேஜில் பூகர்ப்ப சாஸ்திரம் சொல்லிக்கொடுத்தவர், ரிட்டயராகி ஒன்பது டிரங்குப் பெட்டியோடு ரயிலில் வந்து இறங்கினார். போர்ட்டர் தூக்கிப் பார்த்துவிட்டு, உள்ள என்ன சாமி கல்லா இருக்கு என்று கேட்டான், ஆமாப்பா கல்லுதான் என்றார், கேலி செய்கிறார் என்று அவன் கோபித்துக்கொண்டு போய்விட்டான். இளையரசனேந்தல் பக்கம் கிணறு வெட்டுகிறவர்கள் மண்ணைத் துண்டில் முடிந்துகொண்டு வருவார்கள், ஒரு சிட்டிகையைப் பல்லில் நெரித்துக் கண்ணை மூடி, இன்னும் எட்டடி போ என்பார். சோற்றில் மணல் கடிபட்டால்கூட எந்த ஆற்று மணல் என்று சொல்லிவிட்டுத்தான் துப்புவார், கல்யாணமாகி வந்த புதிதில் அரிசி களையத் தெரியாதவள் என்று சொல்லிக்காட்டுகிறாரோ என்று பயந்தே செத்தேன். நீ தவழ்கிற வயதில் மண்ணைத் தின்றாய், நான் கையை ஓங்கினேன், விடும்மா, ருசி தெரியட்டும் என்று உன்னைத் தூக்கிக்கொண்டு போனவர் அவர். அப்படி வளர்த்த பிள்ளை வாத்தியார் வேலை வேண்டாம், சுரங்கக் கம்பெனிதான் என்று கிளம்பியதை அவரால் தாங்க முடியவில்லை. மண்ணைப் படிலேன்னு சொன்னா விக்கப் போறான் என்று நீ வண்டி ஏறின அன்று சொன்னவர்தான், அதற்குப் பிறகு எட்டு மாதம் உன் பெயரை எடுக்கவில்லை. உன் பேச்சு வந்தால் அவன், அவன்தான். சித்திரையில் நீ கோடர்மாவிலிருந்து அனுப்பிய மண் பார்சலைப் பிரித்தார், மேஜைக்கு எடுத்துக்கொண்டு போனார். பதில் போடுங்கள் மாமா என்றேன், பாக்கலாம் என்றார். கடிதம் தவறாமல் தாத்தா என் மண்ணைப் பார்த்தாரா என்று நீ கேட்டாய், கண்வலி, எழுத முடியவில்லை என்று நான் எழுதினேன். கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை நாயகம். நான்தான் பொய் எழுதினேன். உன் மனசு நோகும் என்று எழுதினேன், இப்போது எனக்கு நோகிறது.

இனித்தான் சொல்ல வேண்டியதே இருக்கிறது. சாம்பல் அள்ளி ஆற்றில் கரைத்த பிறகு, நாலாம் நாள், அவரிடம் படித்த சௌந்தரபாண்டியன் பாளையங்கோட்டையிலிருந்து வந்து அலமாரியை ஒழுங்கு பண்ணினார். அங்கே இந்தத் தபசுக்கு நான் வைத்த புற்றுமண் பொட்டலம் கட்டுப் பிரிக்காமல் இருந்தது. அம்மன் மண்ணுக்கும் ஒரு நம்பர் போட்டு எடுத்து வைத்திருக்கிறார் உன் தாத்தா!  அப்படியானால் நான் வாயில் போட்டது எது? மேஜையில் பிரிந்து கிடந்ததைக் காட்டினேன். சௌந்தரபாண்டியன் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, இது காக்காப்பொன், அதான் மைக்கா, கலந்த மண்ணும்மா, அதான் மினுங்கியிருக்கு என்றார். தாளைத் திருப்பி, தாத்தா இங்கிலீஷில் எழுதியிருந்ததை வாசித்துச் சொன்னார். கோடர்மா, நாலடி ஆழம், எடுத்தவர் என்று உன் பெயர், அதற்குக் கீழே பென்சிலால், எடுத்த முறை சரி என்று. சார் அவ்வளவு லேசில் யாருக்கும் சரி போடமாட்டார், எனக்கு ஒரு தடவைகூடப் போட்டதில்லை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சாகிற மனுஷன் வாயில் சாமி மண் என்று எதையோ திணித்துவிட்டேனே, இந்தப் பாவம் எங்கே போய்த் தீரும் என்று முதலில் பதறினேன். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. நேற்று அந்தப் பொட்டலத்தை மடிக்கும்போதுதான் புத்தியில் பட்டது. உன்னை அப்பாவும் நானும் ஊரும் நாயகம் என்கிறோம். கோமதி என்று கூப்பிட்டவர் அவர் ஒருத்தர்தான். பல்லில் நெரித்ததும் எந்த ஊர் மண், யார் கை எடுத்த மண் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

இதை உன்னைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை, அப்பாவிடமும். பதினாறாம் நாளுக்கு உன்னால் வந்து சேர முடியாது என்று தெரியும், முப்பதாம் நாளுக்காவது வா. ரயிலில் தண்ணீரைக் கண்ட இடத்தில் குடிக்காதே. பொட்டலத்தில் பாதி மண் மிச்சம் இருக்கிறது, ஆற்றில் விடக் கொடுக்கவில்லை, உனக்காக வைத்திருக்கிறேன். நூறு வருஷம் நன்றாக இரு. ஊர் அம்மனைக் கூப்பிட்டார் என்றே நம்பிக்கொண்டு போகட்டும், அவர் கூப்பிட்டது உன்னை. வா, கோமதி.

இப்படிக்கு,
உன் அம்மா
முத்துமீனாள்