பாதி சுரண்டிய பித்தளை

கீழ் வீட்டு அக்கா காலையிலேயே மீன் கறிக்குக் கொறக்காப்புளி ஊறப்போட்டுவிட்டார். அந்தப் புளிப்பு வாசம் மாடி வரைக்கும் ஏறி வந்தது. அதற்குப் பிறகு, அலுமாரியின் கீழ்த்தட்டில் கிடக்கும் உன் துணிப்பையைப் பார்க்காத மாதிரி இருக்க என்னால் முடியவில்லை. நீ போனதிலிருந்து அதன் முடிச்சை நான் அவிழ்க்கவில்லை. நாளை போயா விடுமுறை, நம் துப்பாக்கி சுடும் கழகத்தில் போட்டி. உன் இடத்தில் உன் துவக்கோடு நான் படுத்துச் சுட வேண்டும். இன்று பின்னேரத்துக்குள் பையைக் கொண்டுவந்தால்தான் தோட்டா நிரப்ப முடியும் என்று செயலாளர் மாத்தயா நேற்றும் போன் பண்ணினார். சரி என்று சொல்லிவிட்டு அழுதேன்.

பையில் இருப்பது சுட்டு முடிந்த தோட்டாக்களின் வெறும் பித்தளைக் கோதுகள்தான். புதுத் தோட்டா கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்ட பிறகு, சுட்ட கோதுகளையே கழகம் திரும்ப நிரப்பத் தொடங்கியது. வெடிமருந்தும் அதைப் பற்றவைக்கிற பிரைமரும் அங்கே பூட்டிய அறையை விட்டு வெளியே வராது. கோதின் அடியில், பிரைமர் என்கிற அந்தக் குட்டித் தொப்பி உட்காரும் குழியைச் சுரண்டிச் சுத்தமாக்குகிற வேலை மட்டும் நம் வீடுகளுக்கு வந்தது. ஆண்களுக்கு அதில் பொறுமை கிடையாது என்று நீதான் போய்க் கேட்டு வாங்கி வந்தாய். வேண்டாத வேலையைத் தலையில் கட்டிவிட்டாய் என்று கட்டுகஸ்தோட்டைப் பாலம் வரும் வரைக்கும் பஸ்ஸில் உன்னைத் திட்டிக்கொண்டு வந்தேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்தாய்.

பெருநாளுக்குப் பாத்திரம் விளக்குகிற மாதிரி அந்தக் கோதுகளைக் கொறக்காப்புளித் தண்ணீரில் போட்டு அவித்தாயே, நினைவிருக்கிறதா? தங்கம் மாதிரி பளபளத்தன. மடவளையில் உங்கள் வீட்டுக் குசினி முழுக்க அந்த வாசம். பளபளப்பில் மயங்கி, குழிக்குள் தேங்கிய ஈரத்தை நாம் இரண்டு பேருமே பார்க்கவில்லை. போட்டியில் நீ குறி பார்த்து விசையை அழுத்தினாய். டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், தோட்டா வெடிக்கவில்லை. குழலைத் திருப்பாமல், விதிப்படி ஒரு கையைத் தூக்கிக்கொண்டு கிடந்தாய். தோள் மட்டும் சிரிப்பில் குலுங்கியது. அம்புல் தியல் மீன் கறிக்குப் போடுகிற சாமானைத் துவக்குக்குப் போடலாமா என்று மாத்தயா கேட்டார், அந்த 'அம்புல் தியல்' உனக்குப் பல வருடப் பட்டப்பெயராக நிலைத்துப் போனது.

ஆனால் அன்றைக்கே நீ மாறிவிட்டாய். ஒவ்வொரு குழியையும் சுரண்டி, புறங்கையில் ஒரு தட்டுத் தட்டி, கோதின் வாய் வழியாக ஜன்னலைப் பார்ப்பாய். அடித்துளையில் ஒரு புள்ளி வெளிச்சம் தெரிய வேண்டும். "குழியில கரி நிண்டா பிரைமர் மேல துருத்திக்கிட்டு நிக்கும் புள்ள. ஒண்டு வெடிக்காது, இல்லாட்டி வெடிக்கக் கூடாத நேரத்துல வெடிக்கும்" என்பாய். நான் சுரண்டியதை நீ சரிபார்ப்பாய். நீ சுரண்டியதை நான் தொடக்கூடாது. என்ன திமிர் உனக்கு! தொட்டால் புறங்கையில் ஓர் அடி விழும்.

வருத்தம் வந்து உடம்பு படுத்து, நம் ஒபிசுக்கு வருவதை நீ நிறுத்திய பிறகும் சுரண்டுவதை நிறுத்தவில்லை. அடுத்த போட்டிக்கு உன் கோதுகளை நீயே தயார் செய்வதாகப் பிடிவாதம் பிடித்தாய். கட்டிலில் தலையணைக்குச் சாய்ந்தபடி இந்தப் பையை என்னிடம் நீட்டினாய்.

"முடிச்சிட்டேன். நீ ஒருக்கா வெளிச்சத்துல பாரு" என்றாய்.

அதை நான் அப்போது கவனிக்கவே இல்லை. நீ சுரண்டியதைப் பார்க்கச் சொல்லி நீ என்னிடம் கேட்ட ஒரே தடவை அதுதான். நல்லாத்தான் இருக்கும் என்று சொல்லிப் பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒபிஸ் வம்பளந்துவிட்டு வந்தேன். அடுத்த முறை மடவளை பஸ் ஏறியது உன் ஜனாஸாவுக்கு, உன் முகத்தைக் கடைசியாகப் பார்க்க. உன் உம்மா என்னைக் கண்டதும், நீ படுத்திருந்த பக்கம் கையைக் காட்டினார். 

சற்று முன்தான் முடிச்சை அவிழ்த்தேன். உள்ளே மூடி போட்ட துளைத்தட்டில், உன் வழக்கப்படி, வரிசை வரிசையாகக் கோதுகள் தலைகீழாக நிற்கின்றன. முதல் வரிசைக் குழிகள் கண்ணாடி மாதிரி. அடுத்த வரிசையில் குழியின் ஓரங்களில் மெல்லிய கரி வளையம். அதற்கும் அடுத்ததில் பாதி. கடைசி வரிசையில் கரிமேல் இரண்டு மூன்று கீறல்கள் மட்டும் இருக்கின்றன, சுரண்டும் கம்பி வழுக்கி விளிம்பிலும் கீறியிருக்கிறது. அடிப்பாவி, கை இப்படி ஓய்ந்து போயிருந்ததை என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா? உன் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்ததை வரிசை வரிசையாக அடுக்கித் தந்திருக்கிறாய்.

தட்டை மூடி அப்படியே வைத்துவிடலாமா என்று நினைத்தேன். இந்தக் கீறல்கள்தான் உன் கை கடைசியாகச் செய்த வேலை. சுரண்டினால் அவை போய்விடும். சுரண்டாமல் கொடுத்தால் பிரைமர் இறங்காது. இந்தக் குழிகளில் யாரோ பிரைமர் வைத்தார்கள் என்று தெரிந்தால் நீ என்னை மன்னிக்கவே மாட்டாய். கொடுக்காமலே விட்டால் நாளை உன் துவக்கு சும்மா கிடக்கும். உன் கையால் முடியாததை நான் முடிக்கத்தான் நீ அன்று பார்க்கச் சொன்னாய் என்று எனக்கு இப்போதுதான் உறைத்தது.

சுரண்டியை எடுத்தேன். முதல் வரிசையைத் தொடவில்லை, அது உன்னுடையது. மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாக முடித்தேன். நீ கீறிய இடத்திலேயே முனையை வைத்துத் தொடங்கினேன். புறங்கையில் தட்டினேன், ஜன்னலுக்கு நேரே பிடித்தேன். கண்ணீரில் வெளிச்சம் கலங்கியபோது துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். எல்லாவற்றிலும் அந்தப் புள்ளி வெளிச்சம் தெரிகிறது.

உதிர்ந்த கரி பழைய பேப்பரில் ஒரு சிட்டிகை கிடந்தது. அதை ஊதிவிட மனம் வரவில்லை, விரலால் ஒற்றி எடுத்தேன். என் சுட்டுவிரல் நுனி கறுத்துப் போயிருக்கிறது. பையைக் கொடுத்துவிட்டு வந்தும் இந்த விரலைக் கழுவப் போவதில்லை. நாளை உன் துவக்கின் விசையில் இதைத்தான் வைப்பேன்.